உண்டாம், இல்லையாம்: ஆங்கிலம் வழியே நான் படித்த துருக்கி நாவல்கள்

நான் படித்த முதல் துருக்கி நாவலில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வருகிறார். பெயர் ராயிஃப் எஃபெந்தி. அங்காராவில் ஒரு நிறுவனத்தில் ஜெர்மன் கடிதங்களைத் துருக்கி மொழியில் எழுதித் தருவது அவர் வேலை. அங்கே யாரும் அவரை மதிப்பதில்லை. கொடுத்த தாள்களை வாங்கிக்கொள்வார், எழுதி முடிப்பார், வீட்டுக்குப் போவார். ஒருநாள் மேலதிகாரி ஹம்தி வந்து அவர் மேசை முன்னால் நின்று கத்திவிட்டுப் போகிறான். ராயிஃப் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு தாளை இழுத்து நாலைந்து கோடுகளில் ஹம்தியின் முகத்தை வரைகிறார். பக்கத்து மேசைக்காரர் அதைப் பார்க்கிறார். ஹம்தி என்கிற ஆள் முழுசாக அந்தக் கோடுகளில் இருக்கிறான். இத்தனை நாள் ஒரே அறையில் உட்கார்ந்திருந்த இந்த மனிதரைத் தான் பார்க்கவே இல்லை என்று அவருக்கு அப்போதுதான் உறைக்கிறது.

நானும் அதே வேலைதான் பார்க்கிறேன். பதினான்கு வருடங்களாக, இயந்திரங்களோடு வரும் ஆங்கிலக் கையேடுகளைத் தமிழில் எழுதித் தருகிறேன். அதனால் சபாஹத்தின் அலியின் 'மடோனா இன் எ ஃபர் கோட்' முதல் சில பக்கங்களிலேயே என்னைப் பிடித்துக்கொண்டது. அங்கே ஆரம்பித்து, ஏழு வருடத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட துருக்கிப் புத்தகங்களை ஆங்கிலத்தில் படித்துவிட்டேன். எதை வாங்கலாம், யாருடைய மொழிபெயர்ப்பு நல்லது, எதை முதலில் எடுக்கலாம் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கான பதில் இது. கூடவே, தமிழ் தெரிந்த ஒருவருக்கு இந்தப் புத்தகங்களை ஆங்கிலத்தில் படிக்கும்போது கையில் கிடைக்கும் ஒரு வசதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு அது பிடிபட நாலு வருடம் ஆனது.

'மடோனா' சின்னப் புத்தகம், இரண்டு இரவில் முடிந்துவிடும். 1943-இல் துருக்கியில் வெளிவந்தது. ஆங்கிலத்துக்கு வர 2016 ஆகிவிட்டது. மொழிபெயர்த்தவர்கள் மொரீன் ஃப்ரீலியும் அலெக்சாண்டர் டாவும். சோப்புத் தொழில் கற்றுக்கொண்டு வரச்சொல்லி அப்பா பெர்லினுக்கு அனுப்பிவைத்த ஒரு கூச்ச சுபாவமுள்ள இளைஞன், ஓவியக் கண்காட்சியில் ஒரு பெண்ணின் சுய உருவப் படத்தின் முன்னால் நாள்தோறும் போய் நிற்கிறான். அதை வரைந்த மரியா பூடரைச் சந்திக்கிறான். அவ்வளவுதான் கதை. ஆனால் ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்ற கணக்கெல்லாம் இருவருக்கும் இடையில் தலைகீழாகப் போகிறது. 1943-இல் இதை எழுதியிருக்கிறார் என்பது எனக்கு இன்னும் வியப்பு. ஐந்து வருடம் கழித்து, 1948-இல், பல்கேரிய எல்லைக்கு அருகே சபாஹத்தின் அலி கொல்லப்பட்டார். ஆங்கிலம் எளிமையாக ஓடுகிறது. துருக்கி இலக்கியத்துக்குள் நுழைய நல்ல வாசல். வாசலிலேயே நின்றுவிடக்கூடாது என்பதுதான் என் கவலை, ஏனென்றால் பாதிக் கதை பெர்லினில் நடக்கிறது. துருக்கி மண் இதில் கொஞ்சம்தான்.

அடுத்து ஓரான் பாமுக்கின் 'தி பிளாக் புக்' வாங்க நினைத்தேன். 2006-இல் மொரீன் ஃப்ரீலி செய்த புது மொழிபெயர்ப்பு வேண்டும் என்று தெளிவாகக் குறிப்பிட்டுத்தான் இணையத்தில் ஒரு கடையில் பணம் கட்டினேன். வந்தது 1994-இல் குனெலி குன் செய்த பழைய மொழிபெயர்ப்பு. அட்டைக்குள் யாரோ நீல மையில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், முதுகு விட்டுப்போயிருந்தது. திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று கடிதம் எழுதியும் பதில் இல்லை, மனம் நொந்துபோனது. வேறு வழியில்லாமல் புது மொழிபெயர்ப்பை இன்னொரு முறை காசு கொடுத்து வாங்கினேன். அப்படித்தான் ஒரே நாவலின் இரண்டு ஆங்கிலங்கள் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன.

இரண்டையும் அத்தியாயம் அத்தியாயமாக மாற்றி மாற்றிப் படித்தேன். காலிப் என்ற வழக்கறிஞரின் மனைவி ரூயா ஒருநாள் வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். ரூயா என்றால் கனவு என்று பொருள். பத்திரிகையில் பத்தி எழுதும் ஜெலாலும் காணாமல் போயிருக்கிறார். இருவரையும் தேடி இஸ்தான்புல் முழுக்க அலைகிறான் காலிப். ஓர் அத்தியாயம் தேடல், அடுத்தது ஜெலாலின் பத்தி, இப்படியே மாறி மாறிப் போகும் நாவல். பாஸ்பரஸ் நீர்வழி ஒருநாள் வற்றிப்போனால் அடியில் என்னவெல்லாம் தெரியும் என்ற பத்தி ஒன்று இரண்டாவது அத்தியாயத்திலேயே வரும். அதற்காக மட்டுமே இந்தப் புத்தகத்தை வாங்கலாம். குனெலி குன் துருக்கியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நாவலாசிரியர். நீண்ட வாக்கியத்தை நீளமாகவே விட்டுவிடுகிறார். மூச்சு முட்டுகிறது, ஆனால் அந்த மூச்சுமுட்டல் காலிப்புடையது. நடுநடுவே அமெரிக்கப் பேச்சு வழக்கு தூக்கலாக வந்து இஸ்தான்புல்லை மறைக்கிறது. ஃப்ரீலி வாக்கியங்களை உடைத்து, ஒழுங்குபடுத்தி, கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறார். இஸ்தான்புல்லில் வளர்ந்தவர் என்பதால் தெருக்கள் அவருக்கு மனப்பாடம். முதல்முறை படிப்பவருக்கு ஃப்ரீலிதான் என்று தயங்காமல் சொல்வேன். பிடித்துப்போய் இரண்டாம் முறை படிக்கிறவர்கள் குன்னைத் தேடி எடுங்கள்.

ஃப்ரீலியின் பதிப்பில் கடைசியில் மொழிபெயர்ப்பாளரின் பின்னுரை ஒன்று இருக்கிறது. துருக்கி மொழியை ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவது ஏன் கடினம் என்று அதில் சொல்கிறார். ஆங்கிலத்தில் எல்லா வாக்கியத்தையும் தூக்கிப்பிடிக்கும் 'இஸ்' போன்ற வினை அங்கே கிடையாது. 'ஹேவ்' கிடையாது. சொல்லின் வாலில் ஒட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே சொல்.

இதைப் படித்தபோது பேருந்தில் இருந்தேன். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிவிட்டது. கடைசி ஒன்றைத் தவிர அவர் சொன்ன அத்தனையும் நம் வீட்டுச் சங்கதி! 'இது வீடு' என்கிறோம்; நடுவில் எந்த வினையும் கிடையாது. துருக்கியில் 'பு எவ்': பு என்றால் இது, எவ் என்றால் வீடு. 'எனக்கு வீடு உண்டு' என்கிறோம். அவர்கள் 'எவிம் வார்', அதாவது என் வீடு உண்டு. 'வார்' என்றால் உண்டு, 'யோக்' என்றால் இல்லை. உண்டு, இல்லை என்று இரண்டே சொல்லில் உலகத்தை வகுத்துப் பார்க்கும் இந்த ஜோடி ஆங்கிலத்தில் இல்லை. எவ், எவ்லெர், எவ்லெரிமிஸ், எவ்லெரிமிஸ்தென். வீடு, வீடுகள், எங்கள் வீடுகள், எங்கள் வீடுகளிலிருந்து. ஒட்டு ஒட்டாக ஏறுவதை என் விரலில் எண்ண முடிந்தது.

அந்த வாரமே ஓர் இலக்கணப் புத்தகம் வாங்கினேன். இன்றும் அகராதி இல்லாமல் ஒரு பக்கம் படிக்கத் தெரியாது. ஆனால் துருக்கி மூலத்தையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்து ஒரு வாக்கியத்தை எழுத்துக்கூட்டும் அளவுக்கு வந்திருக்கிறேன். அதிலிருந்து என் வாசிப்பே மாறிவிட்டது. ஆங்கில வாக்கியம் கொஞ்சம் தடுமாறும் இடத்தில் நின்று, இதைத் தமிழில் எப்படிச் சொல்வோம் என்று யோசிக்கிறேன். பாதி நேரம் அங்கே துருக்கி மூலம் தட்டுப்படுகிறது.

உறவுமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எல்லாரும் 'அங்கிள்', எல்லாரும் 'ஆன்ட்டி'. துருக்கியில் அப்பாவின் சகோதரர் அம்ஜா, அம்மாவின் சகோதரர் தாயி. அப்பாவின் சகோதரி ஹலா, அம்மாவின் சகோதரி தெய்ஸே. சித்தப்பாவும் மாமாவும் வேறு, அத்தையும் சித்தியும் வேறு என்பது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தெருவில் போகும் முன்பின் தெரியாத பெண்ணையும் 'அப்லா' என்று கூப்பிடுவார்கள். நாம் அக்கா என்பதுபோல. இதையெல்லாம் மொழிபெயர்ப்பாளர்கள் அப்படியே விட்டுவைத்தால் நமக்கு நல்லது. 'தி பிளாக் புக்'கில் காலிப்பும் ரூயாவும் 'கஸின்'கள் என்று ஆங்கிலம் சொல்கிறது. நான் பாட்டுக்கு மாமா மகள் என்று நினைத்துக்கொண்டு நூறு பக்கம் போய்விட்டேன். பிறகு குடும்ப மரத்தைத் தாளில் வரைந்து பார்த்தால், ரூயாவின் அப்பா மெலிஹ், காலிப்பின் அப்பாவுக்கு உடன்பிறந்தவர். நம் கணக்கில் அவள் தங்கை முறை! அங்கே அது கல்யாணம் செய்யும் முறைதான், தவறே இல்லை. ஆனால் ஒரே கட்டடத்தில் தளத்துக்கு ஒரு குடும்பமாக வாழும் அந்த வீட்டின் நெருக்கமும் மூச்சடைப்பும் எனக்கு இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் முழுசாகத் தெரிந்தது. 'கஸின்' என்ற ஒற்றைச் சொல் அதை மறைத்து வைத்திருந்தது.

இன்னும் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. துருக்கியில் கடந்த காலம் இரண்டு. கண்ணால் பார்த்ததைச் சொல்ல ஒன்று, கேள்விப்பட்டதைச் சொல்ல ஒன்று. 'கெல்தி' என்றால் வந்தான், நான் பார்த்தேன். 'கெல்மிஷ்' என்றால் வந்தானாம். நம் 'ஆம்' இருக்கிறதே, அதேதான். பாமுக் தன் 'இஸ்தான்புல்' நூலின் முதல் அத்தியாயத்திலேயே இதைப் பற்றிப் பேசுகிறார்: கனவுகளையும் கதைகளையும் நாம் நேரில் பார்த்திருக்க முடியாத நம் சொந்தக் குழந்தைப் பருவத்தையும் சொல்லத் துருக்கியில் தனியாக ஒரு காலம் இருக்கிறது என்று. நீ பிறந்தபோது இப்படி அழுதாயாம், இப்படிச் சிரித்தாயாம் என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லித்தானே நமக்கு நம் முதல் இரண்டு வருடங்கள் கிடைக்கின்றன. ஆங்கிலத்தில் இதை ஒரு பத்தி முழுக்க விளக்க வேண்டியிருக்கிறது. தமிழில் இரண்டெழுத்து ஒட்டு போதும். 'இஸ்தான்புல்'லும் ஃப்ரீலி மொழிபெயர்த்ததுதான். ஹுசுன் என்ற துயரச் சொல்லை ஆங்கிலப்படுத்தாமல் அப்படியே விட்டார் பாருங்கள், அது சரியான முடிவு. தமிழிலும் ஜி. குப்புசாமியின் மொழிபெயர்ப்பில் இந்தப் புத்தகம் கிடைக்கிறது.

துருக்கிக் கதைகள் 'பிர் வார்மிஷ், பிர் யோக்முஷ்' என்று தொடங்கும். ஒருக்கால் உண்டாம், ஒருக்கால் இல்லையாம். அதற்கு அப்புறம் ஒட்டகங்கள் தண்டோரா போட்ட காலத்திலே, தெள்ளுப்பூச்சிகள் சவரம் செய்த காலத்திலே, நான் என் அம்மாவின் தொட்டிலை ஆட்டிய காலத்திலே என்று போகும். இந்த 'ஆம்' எழுப்பும் குரலில் ஒரு முழு நாவலையே கேட்க வேண்டுமானால் லத்தீஃபே தெகினின் 'பெர்ஜி கிறிஸ்டின்: டேல்ஸ் ஃபிரம் தி கார்பேஜ் ஹில்ஸ்' வாங்குங்கள். என் அலமாரியில் நான் அதிகம் பேருக்கு இரவல் கொடுத்தது இதைத்தான். இரண்டு முறை திரும்பி வரவில்லை, மூன்றாவது பிரதி வைத்திருக்கிறேன்.

நகரத்துக் குப்பைமேட்டில் ஓர் இரவில் எட்டுக் குடிசைகள் முளைக்கின்றன. இரவோடு இரவாகக் கட்டும் இந்த வீடுகளுக்குத் துருக்கியில் 'கெஜெகொந்து' என்று பெயர். கெஜெ என்றால் இரவு, கொந்து என்றால் வந்து குந்தியது, பறவை கிளையில் குந்துவதுபோல. காற்று வந்து கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போகிறது. கூரையில் கட்டிய தொட்டில்களும் குழந்தைகளோடு சேர்ந்து பறக்கின்றன. இடிக்க ஆட்கள் வருகிறார்கள், இடிக்கிறார்கள், மறுபடி கட்டுகிறார்கள். சுற்றிலும் தொழிற்சாலைகள் வருகின்றன, அவற்றின் கழிவும் புகையும் வருகின்றன, நோய் வருகிறது, வேலைநிறுத்தம் வருகிறது. இதையெல்லாம் ஊர் வாய்ப் பேச்சாக, வதந்தியாக, பாட்டாகச் சொல்லிக்கொண்டு போகிறார் தெகின். 1984-இல் வந்த நாவல். 1993-இல் ரூத் கிறிஸ்டியும் சாலிஹா பாக்கரும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். முன்னுரை ஜான் பெர்ஜர். தலைப்பில் இருக்கும் பெர்ஜி என்பது ஆடு கறக்கும் கிராமத்துப் பெண்ணைக் குறிக்கும். கிறிஸ்டின் என்பது விலைமாதுக்கு வைக்கும் பெயர். ஒரே பெண்ணுக்குள், ஒரே இடத்துக்குள் இரண்டும். ஆங்கிலத்தில் 'ஆம்' இல்லையே, என்ன செய்திருக்கிறார்கள் என்று கவனித்தேன். சின்னச் சின்ன வாக்கியங்களாக, காரண காரியம் சொல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். முதல் இருபது பக்கம் தட்டையாக இருப்பதுபோலத் தோன்றும். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் மனதுக்குள் ஓர் 'ஆம்' போட்டுப் படித்துப் பாருங்கள்: காற்று வந்ததாம், கூரை போனதாம், குழந்தை சிரித்ததாம். அப்படியே எழுந்து நிற்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தப் புத்தகம் ஆங்கில வாசகரைவிடத் தமிழ் வாசகருக்கு அதிகம் தரும் என்று நம்புகிறேன்.

சரி, எனக்கு மிகவும் பிடித்ததற்கு வருகிறேன். அஹ்மெத் ஹம்தி தன்பினாரின் 'தி டைம் ரெகுலேஷன் இன்ஸ்டிட்யூட்'. ஃப்ரீலி, டாவ் இருவரும் சேர்ந்து செய்த பெங்குயின் கிளாசிக்ஸ் பதிப்பு. இதற்கு முன்பே 2001-இல் எந்தர் குரோலின் மொழிபெயர்ப்பு ஒன்று வந்திருக்கிறது. பெங்குயின் பதிப்புதான் எளிதில் கிடைக்கும்.

கதைக்குள் போகும் முன்பு ஒரு பின்னணி தெரிந்தால் நல்லது. குடியரசுக்கு முன்னால் சுல்தான்கள் ஆண்ட உஸ்மானியர் காலத்தில் சூரியன் மறையும்போது மணி பன்னிரண்டு. அங்கிருந்துதான் அடுத்த நாள் ஆரம்பம். சூரியன் மறையும் நேரம் தினமும் மாறும் அல்லவா, அதனால் கடிகாரத்தையும் தினமும் திருத்தி வைக்க வேண்டும். பஞ்சாங்கத்தில் உதயாதி நாழிகை பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பள்ளிவாசலை ஒட்டிய ஓர் அறையில் உட்கார்ந்து நேரம் கணிப்பவருக்கு முவக்கித் என்று பெயர். 1926 ஜனவரி 1 முதல் குடியரசு அரசாங்கம் இதையெல்லாம் மாற்றி ஐரோப்பிய நாட்காட்டியையும் இருபத்து நாலு மணிநேரக் கணக்கையும் கொண்டுவந்தது. 1925-இல் பழைய ஃபெஸ் தொப்பி போய் ஐரோப்பியத் தொப்பி வந்தது. 1928-இல் அரபு எழுத்து போய் லத்தீன் எழுத்து வந்தது. 1934-இல் எல்லாரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. அதே வருடம் எஃபெந்தி, பே போன்ற பட்டங்களையும் சட்டப்படி எடுத்துவிட்டார்கள். 1935-இல் வார விடுமுறை வெள்ளியிலிருந்து ஞாயிறுக்குப் போனது. பத்தே வருடத்தில் ஒரு மனிதனின் தலை, எழுத்து, பெயர், நேரம் எல்லாம் மாறிவிட்டன.

அந்த மனிதன்தான் ஹய்ரி இர்தால். வறிய குடும்பம். வீட்டில் 'முபாரக்' என்று பெயர் வைத்த பெரிய நிலைக்கடிகாரம், தன் இஷ்டத்துக்கு ஓடும், தன் இஷ்டத்துக்கு அடிக்கும். நூரி எஃபெந்தி என்ற முவக்கித்திடம் சிறுவனாகப் போய்ச் சேர்ந்து கடிகாரங்களின் மனசைக் கற்றுக்கொள்கிறான். நூரி எஃபெந்திக்குக் கெட்டுப்போன கடிகாரமும் நோய்ப்பட்ட மனிதனும் ஒன்றுதான். பல வருடம், பல தோல்விகளுக்கு அப்புறம், ஹாலித் அயார்ஜி என்ற ஆற்றல்மிக்க ஒருவர் ஹய்ரியைக் கண்டுபிடித்து, நாட்டிலுள்ள கடிகாரங்களையெல்லாம் சரியாக ஓடவைக்க ஒரு நிறுவனம் தொடங்குகிறார். நகரக் கடிகாரத்தோடு ஒத்துப்போகாத கைக்கடிகாரம் கட்டியவருக்கு அபராதம். அபராதத்தில் தள்ளுபடியும் உண்டு. மக்கள் சந்தோஷமாக அபராதம் கட்டுகிறார்கள். உறவினர்களெல்லாம் வேலைக்குச் சேருகிறார்கள். இல்லாத ஒரு பழங்காலக் கடிகார மேதையை உருவாக்கி, அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஹய்ரியே எழுதுகிறான்.

வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே படிக்கலாம். ஆனால் நடுவில் நூரி எஃபெந்தியின் அறை நினைவுக்கு வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்தது. தன்பினார் பழையதை ஒதுக்கவும் இல்லை, புதியதைத் திட்டவும் இல்லை. இடையில் மாட்டிக்கொண்டவனின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். 1962-இல் அவர் இறந்தார்.

மொழிபெயர்ப்பைப் பற்றி. வாக்கியங்கள் நீளம், ஆனால் வழுக்கிக்கொண்டு போகின்றன. ஹய்ரியின் வெகுளித்தனம் ஆங்கிலத்தில் நன்றாகவே வந்திருக்கிறது. தலைப்பில் இரண்டு விஷயம் விடுபட்டுவிட்டது. துருக்கித் தலைப்பு 'சாஅத்லெரி அயார்லாமா என்ஸ்டிட்யூஸு'. 'சாஅத்' என்றால் கடிகாரமும்தான், மணிநேரமும்தான். நாம் 'மணி' என்ற ஒரே சொல்லில் கோயில் மணியையும் பத்து மணியையும் சொல்வதுபோல. ஆங்கிலம் 'டைம்' என்று சொல்லிப் பொருளைப் பிடித்துக்கொண்டு பொறியை விட்டுவிட்டது. அப்புறம் 'அயார்லாமா' என்றால் சரிசெய்து அமைத்தல். ஹாலித்தின் குடும்பப் பெயர் அயார்ஜி, சரிசெய்பவர். நிறுவனத்தின் பெயரிலேயே அந்த ஆள் உட்கார்ந்திருக்கிறார்! இதை அறிந்து படித்தால் அவர் வாய்திறக்கும் ஒவ்வொரு இடமும் வேறு மாதிரி ஒலிக்கும். பங்கஜ் மிஸ்ராவின் முன்னுரை நன்றாக இருக்கிறது. நாவலை முடித்துவிட்டுப் படியுங்கள். எந்தப் பதிப்பாக இருந்தாலும் முன்னுரையைக் கடைசியில் படிப்பதுதான் என் வழக்கம்.

தன்பினாரின் இன்னொரு பெரிய நாவல் 'எ மைண்ட் அட் பீஸ்', எர்தா கோக்னாரின் ஆங்கிலத்தில். இரண்டாம் உலகப்போர் தொடங்கவிருக்கும் நாட்களில் இஸ்தான்புல், பாஸ்பரஸ் படகுகள், பழைய உஸ்மானிய இசை. எனக்கு இதில் பாதிதான் கைகூடியது. இசை நுணுக்கங்கள் நிறைய, ஆங்கிலமும் கனமானது. பொறுமை இருப்பவர்களுக்கு.

யாஷார் கெமாலின் 'மெமெட், மை ஹாக்' வேறொரு நாடு. இஸ்தான்புல் கிடையாது, அறிவுஜீவிகள் கிடையாது. தெற்கே தோரஸ் மலையடிவாரம், முள் மண்டிய தரிசு, ஐந்து கிராமங்களைக் கைக்குள் வைத்திருக்கும் அப்தி ஆகா (ஆகா என்றால் நிலப்பிரபு). நெருஞ்சியைவிடக் கொடிய முட்செடிகளின் நடுவே ரத்தம் வழியும் கால்களோடு ஒரு பையன் ஓடுவதில் நாவல் ஆரம்பிக்கிறது. ஆகாவின் ஏரிலிருந்து தப்பி ஓடுகிறான். பிடித்து வந்த பிறகு, தண்டனையாக அவன் அம்மா தோனேயின் விளைச்சலில் வழக்கத்தைவிட அதிகப் பங்கை ஆகா எடுத்துக்கொள்கிறான். களத்தில் நெல் அளந்து கொடுத்துவிட்டு வெறும் சாக்கோடு திரும்பியவர்களின் கதை கேட்டு வளர்ந்த யாருக்கும் அந்தப் பக்கங்கள் லேசில் போகாது. யாஷார் கெமால் அந்தச் சீமைக்காரர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துப் பிழைத்தவர். அதனால்தான் அநியாயத்தை அவர் சொல்லும்போது யார், எவ்வளவு, என்று, எங்கே என்ற கணக்கோடு சொல்கிறார். 1955-இல் வந்தது, எதுவார் ரொதித்தியின் ஆங்கிலம் 1961. கொஞ்சம் பழைய ஆங்கிலம், உரையாடல்களில் விறைப்பு தெரிகிறது, கிராமத்தார் பேச்சில் இருக்கும் சூடு குறைகிறது. ஆனால் நிலக்காட்சிகள் அருமை. நான்கு பாகங்களில் எனக்கு ஆங்கிலத்தில் கிடைத்தது முதல் இரண்டுதான். கெமாலின் வேறு பல நாவல்களை அவர் மனைவி தில்டா கெமாலே மொழிபெயர்த்திருக்கிறார். அவற்றில் பேச்சு இதைவிட இயல்பாக இருக்கிறது.

செவ்கி சொய்சாலின் 'டான்' இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன், ஃப்ரீலியின் மொழிபெயர்ப்பு, 2022. 1971 ராணுவத் தலையீட்டுக்குப் பிறகு அதானாவில் ஒரே ஓர் இரவு: ஒரு தொழிலாளியின் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் போலீஸ் நுழைகிறது, விடியும்வரை விசாரணை. எழுதியவரே சிறையில் இருந்து, பிறகு அதானாவுக்கு நாடுகடத்தப்பட்டதுபோல அனுப்பப்பட்டவர். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பெண்கள் யார் எங்கே உட்காருகிறார்கள், யார் எழுந்து பரிமாறுகிறார்கள் என்பதிலேயே அவர் பாதி அரசியலைச் சொல்லிவிடுகிறார். நாஜிம் ஹிக்மத்தின் 'ஹ்யூமன் லேண்ட்ஸ்கேப்ஸ் ஃபிரம் மை கன்ட்ரி'யையும் விட்டுவிட வேண்டாம். சிறையில் எழுதிய நீண்ட கவிதை நாவல், 1941 வசந்தத்தில் ஹைதர்பாஷா ரயில் நிலையத்தில் ஆரம்பித்து ஆள் ஆளாக அறிமுகம் செய்துகொண்டே போகும். கவிதைக்குப் பயப்படுகிறவர்களும் படிக்கலாம்.

பதிப்பாளர்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று முதல் பக்கத்தில் அரைப்பக்கம் போட்டால் போதும், பலர் போடுவதில்லை. துருக்கி எழுத்தில் ஆங்கில 'சி' போலத் தெரிவது 'ஜ' ஒலி. ஆங்கில 'ஜி' எழுத்தின் தலையில் பிறைபோல ஒரு குறி இருந்தால் அது ஒலிக்காது, முந்தைய உயிரெழுத்தை நீட்டும். இது தெரியாமல் ஜெலாலை இருநூறு பக்கம் செலால் என்றே படித்தேன். இன்னொன்று, வாழ்த்துச் சொற்கள். வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடந்து போகும்போது 'கொலாய் கெல்சின்', சுலபமாக வரட்டும் என்பார்கள். சமைத்தவரிடம் 'எலினே சாலிக்', உன் கைக்கு நலம் உண்டாகட்டும். விடைபெற்றுப் போகிறவரிடம், இருப்பவர் 'குலே குலே' என்பார். சிரித்துச் சிரித்துப் போய் வா என்று. ஆங்கிலத்தில் இவை பெரும்பாலும் ஹலோவாகவும் தேங்க்ஸாகவும் குட்பையாகவும் சுருங்கிவிடுகின்றன. 'கிதாப் மிதாப்' என்று ஒரு பாத்திரம் அலட்சியமாகச் சொன்னால், ஆங்கிலத்தில் 'புத்தகங்களும் அதுபோன்றவையும்' என்று வருகிறது. புத்தகம் கித்தகம் என்று நான் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைக்கிறேன். என் பிரதிகளின் ஓரமெல்லாம் இப்படித்தான்: கித்தகம், அத்தை, உண்டு, இல்லையாம்.

எதை முதலில் என்று கேட்பவர்களுக்கு: கதை ஓட வேண்டும் என்றால் மெமெட். மனசு கனத்தாலும் பரவாயில்லை என்றால் 'மடோனா'. தமிழ்க் காது எதற்கெல்லாம் உதவும் என்று பார்க்க வேண்டுமானால் பெர்ஜி கிறிஸ்டின். ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால் தன்பினாரின் கடிகாரங்கள்.

இன்னும் எனக்குக் கிடைக்காதது ஒன்று. ஓஉஸ் அத்தாயின் 'துதுனாமயான்லார்', எதையும் பற்றிக்கொள்ள முடியாமல் போனவர்கள் என்று பொருள். 1970-களின் தொடக்கத்தில் வந்து, துருக்கியில் எழுத்தாளர்கள் பலரும் தலையில் வைத்துக் கொண்டாடும் நாவல். அவருடைய கதைகள் 'வெயிட்டிங் ஃபார் தி ஃபியர்' என்று 2024-இல் ரால்ஃப் ஹப்பலின் ஆங்கிலத்தில் வந்தன. இரண்டு முறை படித்துவிட்டேன், அச்சத்தை அவ்வளவு நிதானமாக எழுதிய இன்னொருவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நாவலை செவின் செய்தி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2017-இல் வந்தபோது அச்சடித்தது 200 பிரதிகள்தான். அந்த இருநூறில் ஒன்று எந்த ஊர் நூலகத்திலாவது உங்கள் கண்ணில் பட்டால் சொல்லுங்கள். இரவல் தர வேண்டாம். நான் வந்து, அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டுப் போகிறேன்.